போர்மட் கடைசி வழியாக இருக்கட்டும்

பென் டிரைவில் ஷோர்ட்கட் வைரஸ் வந்தால் உடனே போர்மட் செய்யுங்கள், அதாவது உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடுங்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை மாற்றுங்கள்.

போன மாதம் அக்காவின் மகள் திருநெல்வேலியில் ஒரு கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் திறந்தால் போல்டர்கள் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு, ஒவ்வொன்றும் 2 கேபி. அழத் தொடங்கிவிட்டாள், இறுதியாண்டு ஆய்வறிக்கை அதற்குள்தான். ஆனால் புரொப்பர்ட்டீஸில் பார்த்தால் 6 ஜிபி நிரம்பியே இருந்தது. அதாவது எதுவும் அழியவில்லை. இந்த வைரஸ் உண்மையான போல்டரை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷோர்ட்கட்டை வைக்கிறது. அதைக் கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், போல்டரும் திறக்கும். அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை.

போல்டர் ஒப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்தோம். எல்லாம் மங்கலாகத் தெரிந்தன. ஆய்வறிக்கையை மட்டும் முதலில் வேறிடத்துக்குக் கொப்பி செய்தோம்.

அப்புறம் கொம்பியூட்டரையும் சுத்தம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பென் டிரைவுக்கும் தொற்றும். வின்டோஸோடு வரும் டிஃபென்டர் என்ற அன்ரிவைரஸில் ஒஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது. ரீஸ்டார்ட் ஆகி, வின்டோஸ் எழும்ப முன்னமே தேடும், கால் மணித்தியாலம் போதும். காசும் இல்லை. கிராக் செய்த, அதாவது திருட்டுப் பிரதியான அன்ரிவைரஸை மட்டும் போடாதீர்கள், பிள்ளைகளே. அதற்குள்ளேயே வைரஸ் இருக்கலாம்.