மூணு சோப்பு, ஒரு மார்க்கு

(சென்னையில் ஒரு தெருமுனை மளிகைக் கடை. கல்லாவில் நெல்லைக்கார அண்ணாச்சி. எதிரே எட்டாம் வகுப்பு கார்த்தி.)

அண்ணாச்சி: இந்தா உப்பு. ரெண்டு ரூவா சில்லறை இல்ல, ரெண்டு சாக்லேட்டு எடுத்துக்க.

கார்த்தி: (சாக்லேட்டை முறைத்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதுகிறான்) அண்ணாச்சி, அந்த மூணு சோப்பையும் கொஞ்சம் எடுங்களேன். மூணு பொருளை ஒப்பிட்டு, ஒண்ணை ஏன் எடுத்தோம்னு எழுதணுமாம். திருப்பி எழுதச் சொல்லிட்டாங்க.

அண்ணாச்சி: முதல்ல என்னல எழுதுன?

கார்த்தி: "பச்சை சோப்பு சூப்பர். ஏன்னா அது சூப்பரா இருக்கு." பத்துக்கு ஒரு மார்க்.

அண்ணாச்சி: அந்த ஒண்ணு எதுக்கு?

கார்த்தி: கையெழுத்துக்கு.

அண்ணாச்சி: சரி, யாருக்கு வாங்குத?

கார்த்தி: மிஸ்ஸுக்கு.

அண்ணாச்சி: அவங்க படிக்கத்தாம்ல போறாங்க. சோப்பைத் தேய்க்கது யாரு?

கார்த்தி: நானும் ஆயாவும். ஆயாவுக்குக் கையில கோடு போட்டா வெள்ளையா தெரியும். அவ்ளோ வறட்சி. தண்ணி போர் தண்ணி, ஒரே உப்பு.

அண்ணாச்சி: இத முதல் வரியில எழுது. அடுத்து, சோப்பத் தொடுததுக்கு முன்னாடியே பத்து மார்க்கப் பிரிச்சிரணும். எதுக்கு எவ்வளவு?

கார்த்தி: வாசனை ரெண்டு, விலை ரெண்டு, கூட வர்ற சீப்பு ஆறு.

அண்ணாச்சி: பச்ச சோப்போடதான சீப்பு வருது! ஜெயிக்கவன முடிவு பண்ணிட்டுப் பந்தயம் வைக்கியா? தோலுக்கு நாலு, விலைக்கு மூணு, கரையுததுக்கு ரெண்டு, வாசனைக்கு ஒண்ணு. பேனாவுல எழுது. பென்சில்ல எழுதுனா ராத்திரி சீப்பு வந்து அழிச்சிரும்.

கார்த்தி: விலை ஈஸி. கிரீம் கலர் 30, பச்சை 35, வெள்ளை 40. கிரீம்தான் சீப்பு... அதாவது, மலிவு.

அண்ணாச்சி: எட பாத்தியா? 75 கிராம், 100 கிராம், 125 கிராம். கிராமுக்கு எவ்வளவுன்னு உறையிலயே சின்ன எழுத்துல போட்டிருக்கும்.

கார்த்தி: 40 பைசா, 35, 32. அய்யோ, அப்படியே தலைகீழ்!

அண்ணாச்சி: இன்னும் இருக்கு. டி.எஃப்.எம்.னு ஒண்ணு போட்டிருக்கும். சோப்புல மொத்தக் கொழுப்புச் சத்து எத்தன சதவீதம்ங்கிற கணக்கு. ஐ.எஸ். 2888னு ஒரு தர விதி. 76-ம் அதுக்கு மேலயும் இருந்தா முதல் கிரேடு, 70-லருந்து ரெண்டு, 60-லருந்து மூணு. கிரீம்ல 76, பச்சையில 60. இப்பம் சோப்புச் சத்துக்கு விலை போடு.

கார்த்தி: கிரீம், 75 கிராம்ல 57 கிராம். கிராமுக்கு 53 பைசா. பச்சையில 60 கிராம், 58 பைசா. மறுபடியும் கிரீம் ஜெயிச்சிடுச்சு! வெள்ளையில டி.எஃப்.எம்.மே காணோமே. டுபாக்கூரா?

அண்ணாச்சி: அவசரப்படாத. அதுல "பேத்திங் பார்"னு போட்டிருக்கு. அது வேற வகை, இந்தக் கிரேடே அதுக்குக் கிடையாது. உப்புத் தண்ணியில இருக்க கால்சியமும் மக்னீசியமும் சாதா சோப்போட சேந்து தயிர் மாதிரி திரிஞ்சிரும். நுரையும் வராது, பிசுக்கும் போவாது. 76 போட்ட சோப்புக்கும் இதே கதிதான். சில பார்ல சோப்புக்குப் பதிலா வேற நுரைப் பொருள் போட்டிருப்பான், அது திரியாது. பின்னாடி இருக்க பட்டியலப் படிச்சாத்தான் தெரியும். இந்த வெள்ளையில இருக்கு.

கார்த்தி: கரையுறதை எப்படிப் பார்க்கிறது? ரெண்டு தடவை தேய்ச்சு உங்க தராசுல வைக்கவா?

அண்ணாச்சி: இது அஞ்சு அஞ்சு கிராமாத்தான் காட்டும். ரெண்டு தேய்ப்புக்கு முள்ளே அசையாது. மூணுக்கும் ஒரே தண்ணி, ஒரே ஆளு, வேளைக்கு இருவது தேய்ப்பு, பத்து நாளு. ஓட்ட போட்ட டப்பாவுல வையி. தண்ணியில ஊறுனா சோப்பு தோத்துச்சா டப்பா தோத்துச்சான்னு தெரியாது. நிறுக்கதுக்கு முன்னாடி ரெண்டு நாளு காய விடு. வாசனைக்கு உறையப் பிரிச்சுட்டு ஆயாகிட்ட குடு. அந்த நடிகை முகத்தப் பாத்தா மூக்கு கட்சி மாறிரும். ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் அஞ்சு நிமிஷம் இடைவெளி விடு. நோட்ட எப்பம் குடுக்கணும்?

கார்த்தி: நாளைக்கு.

அண்ணாச்சி: வெளங்கிரும்.

கார்த்தி: அப்ப கரையுறதுக்கு நானே குத்துமதிப்பா மார்க் போட்டுடவா?

அண்ணாச்சி: போட்ட, தோலை உரிச்சிருவேன். "இன்னும் சோதிக்கல"ன்னு எழுது. முடிவ வாசி, கேப்போம்.

கார்த்தி: "எங்க உப்புத் தண்ணிக்கும் ஆயாவின் வறண்ட தோலுக்கும் வெள்ளை சோப்பு. கிராமுக்கு 32 பைசா, மூன்றில் இதுதான் குறைவு. ஆனால் மணம் சுமார், சீப்பு கிடையாது. நல்ல தண்ணி வந்தால் கிரீம் சோப்புக்கு மாறுவோம். எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று இன்னும் சோதிக்கவில்லை."

அண்ணாச்சி: அந்த "ஆனால்" இருக்கே, அதுக்கே மூணு மார்க்கு குடுக்கலாம். வெள்ளைய பில் போடவா?

கார்த்தி: இல்ல அண்ணாச்சி, அது சூப்பர் மார்க்கெட்ல. கடைக்கும் பத்து மார்க் பிரிச்சிருக்கேன். விலை நாலு, தூரம் ரெண்டு, சில்லறையைச் சில்லறையாத் தர்றது நாலு.

அண்ணாச்சி: ஏல! சோப்புக் கணக்கு முடிஞ்சப்புறம் சேத்ததா இது?

கார்த்தி: உப்பு வாங்குனப்பவே எழுதிட்டேன். பேனாவுல.

(அண்ணாச்சி கல்லாவைத் திறக்கிறார். உள்ளே இரண்டு ரூபாய் நாணயங்கள் கலகலவென்று கிடக்கின்றன.)

அண்ணாச்சி: ...அந்த சாக்லேட்ட இங்க குடு.

கார்த்தி: ஒண்ணைத் தின்னுட்டேன். இந்தாங்க, ஒரு ரூபா குடுங்க.