ஐரோப்பாவில் காடு சாகவில்லையா?

"எண்பதுகளில் ஐரோப்பாவில் காடெல்லாம் அழியப்போகிறது என்று கூப்பாடு போட்டார்கள், கடைசியில் ஒன்றுமே நடக்கவில்லை" என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு அத்தனை லைக். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. லீவு கிடைத்தால் தெற்கே எர்ட்ஸ் மலைக்குக் கிளம்பிவிடுவோம். ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் எல்லையாக நிற்கிற மலை. அதன் முகட்டில் பல இடங்களில் கிழ மரமே கண்ணில் படாது. எல்லாம் ஏறக்குறைய ஒரே வயசு. நடுநடுவே நீலச் சாயலில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம். அது வட அமெரிக்க மரம். இந்த மண்ணுக்குரிய நார்வே ஸ்புரூஸ் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நின்றபடியே காய்ந்துபோனதால், புகையைத் தாங்கும் என்று கொண்டுவந்து நட்டார்கள்.

புகை வந்தது அடிவாரத்து அனல்மின் நிலையங்களிலிருந்து. செக் பக்கம் மோஸ்ட் நகரைச் சுற்றித் தோண்டியது நம் நெய்வேலியில் எடுப்பது போன்ற பழுப்பு நிலக்கரி. கந்தகம் நிறைந்தது.

ஊசியிலை மரம் ஏன் முதலில் விழுந்தது? மற்ற மரங்கள் வருடா வருடம் இலையை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும். ஸ்புரூஸ் ஒரே ஊசியை ஆறேழு வருடம் வைத்திருக்கும். கரி அதிகம் எரிகிற குளிர்காலத்திலும் அந்த ஊசிதான் புகையைக் குடித்தாக வேண்டும். ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு வருட வளர்ச்சிக்கும் ஒரு கணு இருக்கும். நல்ல மரத்தில் நுனியிலிருந்து ஐந்தாறு கணு வரை பச்சை. நோய்ப்பட்டதில் இரண்டோ மூன்றோதான், அதற்கு உள்ளே மொட்டைக் குச்சி.

மண்ணுக்குள் நடந்தது இன்னும் மோசம். புகையின் கந்தகம் கலந்து பெய்த அமில மழை கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போனது. மண்ணில் சும்மா கிடந்த அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கெடுத்தது. அப்படி நலிந்த மரத்துக்கு ஒரு கடுங்குளிர் போதும். 1979 புத்தாண்டை ஒட்டி வெப்பம் சில மணி நேரத்தில் சடாரென்று இறங்கியது, முகட்டுக் காடு அதோடு கருகிவிட்டது. மிஞ்சியதை, மரப்பட்டைக்கு அடியில் குடையும் பட்டை வண்டு பார்த்துக்கொண்டது. இப்போது வண்டைக் காட்டி "புகையால் இல்லை" என்கிறார்கள்.

மலைக்கிராமத்தில் வளர்ந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, செக் பக்கத்து ஆலைகளிலிருந்து காற்று வீசும் நாட்களில் 'பூனைப் பீ நாற்றம்' அடிக்கும் என்பார். அன்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்களாம். அந்தப் பக்கம் டெப்லிட்ஸே நகரத்தில் 1989 நவம்பர் 11 அன்று மக்கள் சுத்தமான காற்று கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். தலைநகர் பிராகில் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த புரட்சி தொடங்கியதே அதற்கு ஆறு நாள் கழித்துத்தான்.

அப்புறம் எப்படி "ஒன்றும் நடக்கவில்லை"? மேற்கு ஜெர்மனி 1983லேயே பெரிய கொதிகலன்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1985ல் ஹெல்சின்கியில் பல நாடுகள் கந்தகப் புகையை 30 சதவீதம் குறைக்கக் கையெழுத்திட்டன. செக் நாட்டில் 1998 முடிவதற்குள் அனல்மின் நிலையங்களில் கந்தகம் நீக்கும் கருவியைப் பொருத்தினார்கள், முடியாததை மூடினார்கள். சத்தம் போட்டவர்களால்தான் மீதிக் காடு பிழைத்தது. அதை வைத்தே அவர்களைப் பொய்யர்கள் என்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

மண் இன்னும் தேறவில்லை. ட்ரெஸ்டன் இருக்கிற சாக்சனி மாநிலத்தில், மண்ணின் அமிலத்தைக் குறைக்க ஹெலிகாப்டரிலிருந்து காட்டுக்குச் சுண்ணாம்பு தூவுகிறார்கள்.

நண்பரே, ஒரு தடவை வாருங்கள். அந்த முகட்டில் சேர்ந்து நடப்போம், கிழ மரம் எங்கே என்று நீங்களே தேடிப் பாருங்கள்.