நிதியை விடத் தரவுதான் பெரிய தடை

பல்கலைக்கழகங்களும் சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களும் ஆய்வில் கைகோர்ப்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை நிதியைப் பற்றியே அதிகம் பேசுகிறது. என் பார்வையில் அதைவிடப் பெரிய தடை தரவு. கிடங்கு இருப்பு, லாரி ஓட்டம், ஆர்டர் விவரம் எல்லாவற்றையும் நிறுவனங்கள் பூட்டி வைக்கின்றன. ஆய்வு மாணவர்களோ கற்பனை எண்களை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

2021-இல் அமேசானும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய போட்டி வேறு மாதிரி. அமெரிக்கப் பெருநகரங்களில் டெலிவரி ஓட்டுநர்கள் நிஜமாகவே ஓட்டிய ஆயிரக்கணக்கான வழித்தடங்களை, வாடிக்கையாளர் அடையாளத்தை மறைத்து, ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிப்பதல்ல அங்கே கேள்வி. அனுபவமுள்ள ஓட்டுநர் அந்தப் பாதையை விட்டு ஏன் வேறு வழியில் போகிறார்? வண்டி நிறுத்த எங்கே இடம் கிடைக்கும், எந்தத் தெருவில் எப்போது நெரிசல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த அறிவைக் கணினிக்குக் கற்றுத்தர முடியுமா என்பதே சவால். ஓட்டுநரின் அனுபவத்துக்கு ஆய்வில் மதிப்புக் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆகவே ஒப்பந்தம் போடும்போதே எந்தத் தரவு கிடைக்கும், முடிவுகளை எப்போது வெளியிடலாம் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். முடிவு நிறுவனத்துக்குப் பிடிக்காமல் போனாலும் மாணவரின் ஆய்வு முடங்கக் கூடாது.