பெஞ்சில் உட்கார்ந்து மெடல் வாங்கினவர்

நேற்று, 2025 அக்டோபர் 18, சாயங்காலம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்ப விளக்கப் போவதில்லை. இங்கிலீஷ் பிரீமியர் லீகில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் செல்சீயிடம் 3-0 என்று தோற்றது, கடைசி விசில் ஊதி இருபது நிமிஷம்கூட ஆகவில்லை, ஃபாரஸ்டின் கோச் ஆஞ்ச் போஸ்டெகோக்லூவுக்குச் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். 39 நாள், 8 மேட்ச், ஒரு வெற்றிகூடக் கிடையாது. அவருக்கு முன்னால் அங்கே கோச்சாக இருந்தவர் நூனோ. நான் போட்டது ஒரே ஒரு வரி: "நூனோவை அனுப்பினபோது கைதட்டியவர்கள் எங்கே?" அவ்வளவுதான். அதற்குக் கீழே அண்ணன் ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், நல்ல பழக்கம், என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். "ஆஞ்சாவது யூரோப்பா கப் தூக்கினார். பெஞ்சில் உட்கார்ந்து மெடல் வாங்கினவருக்கு எதற்கு தம்பி இவ்வளவு வக்காலத்து?" என்று எழுதியிருக்கிறார், நூனோ ஆடுகிற காலத்தில் இரண்டாவது கோல்கீப்பராக இருந்ததைக் குத்தி. நாற்பது பேர் அதற்குச் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறீர்கள். அதில் சிலர் எனக்குச் சொந்தம்.

சரி, சிரிக்கலாம். ஆனால் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக்குத் தீபாவளி, முறுக்குப் பிழிந்து கொடுக்க வேண்டியவன் இங்கே உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், அடுப்படியிலிருந்து அதற்குத் தனியாக அர்ச்சனை நடக்கிறது. இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோ ஃபாரஸ்டுக்கு வந்தது 2023 டிசம்பரில். அந்த சீசனில் வரவு செலவு விதியை மீறியதற்காக டீமுக்கு 4 பாயின்ட் வெட்டினார்கள், 32 பாயின்டோடு 17-வது இடத்தில் தொங்கித்தான் தப்பித்தார்கள். அடுத்த சீசன் கிட்டத்தட்ட அதே ஆட்கள், 65 பாயின்ட், 7-வது இடம். ஆன்ஃபீல்டில் போய் லிவர்பூலை ஜெயித்தார்கள், 1969-க்குப் பிறகு முதல் தடவை. பிரைட்டனை 7-0 என்று ஜெயித்தார்கள். கிறிஸ் வுட், 33 வயது, அவரை வைத்துக்கொண்டு லீக்கில் 20 கோல். எஃப்.ஏ. கப்பில் அரையிறுதி. முப்பது வருஷம் கழித்து ஐரோப்பியப் போட்டியில் இடம். 1979-லும் 1980-லும் ஐரோப்பாவின் பெரிய கோப்பையையே தூக்கிய கிளப், அதற்கப்புறம் எங்கே போனது என்று தேட வேண்டியிருந்த கிளப், திரும்பவும் பாஸ்போர்ட்டை எடுத்துத் தூசி தட்டியது இந்த மனிதரால்தான். ஜூனில் மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுத்தார்கள். செப்டம்பர் 9, லீக்கில் மூன்றே மேட்ச் முடிந்திருந்தது, ஒரு வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி. அங்கே நள்ளிரவு தாண்டி ஓர் அறிக்கை வந்தது. நம் ஊரில் பால்காரர் வருகிற நேரம். அவ்வளவுதான், கதை முடிந்தது.

கொடுத்த வேலையை அவர் செய்து முடித்திருந்தார். இதை மட்டும்தான் நான் சொல்கிறேன். இதற்குப் பதில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

அவர் இடத்துக்கு யாரைக் கொண்டுவந்தார்கள்? போன சீசனில் டாட்டன்ஹாமை 38 பாயின்டோடு 17-வது இடத்தில் நிறுத்தியவரை. அந்த டாட்டன்ஹாம் லீக்கில் நூனோவின் ஃபாரஸ்டிடம் இரண்டு தடவையும் தோற்றது, உள்ளூரிலும் வெளியூரிலும். தோற்கடித்தவரை அனுப்பிவிட்டுத் தோற்றவரை அழைத்து வருவதற்குப் பெயர் 'புதிய பாதை'யாம். ஆஞ்ச் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 17 வருஷமாகக் கப்புக்குக் காய்ந்து கிடந்த டீமுக்கு ஒன்றை வாங்கிக் கொடுத்தவர், அதற்கு அவர்களும் இரண்டு வாரத்தில் நன்றி சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவரும் பாவம்தான். ஆனால் இன்றைக்கு ஆஞ்சுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள், 39 நாளில் ஒருவரைத் தூக்கலாமா என்று நியாயம் பேசுகிறவர்கள், ஒன்றே முக்கால் வருஷம் உழைத்தவரை மூன்று மேட்சில் தூக்கினபோது "நல்லது, போர் அடிக்கும் ஆட்டம்" என்று எழுதினவர்கள். ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது. போட மாட்டேன், பண்டிகை நேரம்.

போர் அடிக்கும் ஆட்டம். ஆமாம், போன சீசனில் பந்தைத் தங்களிடம் வைத்திருப்பதில் ஃபாரஸ்ட் லீக்கின் கடைசி வரிசைதான். பின்வரிசையில் முரில்லோவும் மிலென்கோவிச்சும் பெனால்டி பெட்டிக்குள் நின்று வருகிறதையெல்லாம் தலையால் முட்டி வெளியே தள்ளுவார்கள், பந்து கிடைத்ததும் எலாங்காவோ ஹட்சன்-ஓடோயோ ஓடுவார்கள். இது போர் என்றால் நீங்கள் மேட்ச் பார்க்கவில்லை, போனில் ரீல்ஸ் பார்த்திருக்கிறீர்கள்.

அடுத்து, "பத்திரிகைக்காரர்களிடம் முதலாளியைப் பற்றிப் பேசலாமா?" இதில் பாதி நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆகஸ்டில் அவரிடம் கேட்டார்கள், முன்பு போல உறவு இல்லை என்றார், நெருப்பில்லாமல் புகையாது என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டதற்கு உண்மையைச் சொன்னார், அவ்வளவுதானே? மே மாதம் லெஸ்டரோடு டிரா ஆனதும் முதலாளி மரினாகிஸ் மைதானத்துக்குள்ளேயே இறங்கி வந்தாரே, ஆட்டக்காரர் அவோனியிக்கு அடிபட்ட கவலையில் வந்தார் என்றார்கள், சரி, நம்பினோம். அதை நம்பத் தெரிந்த நமக்கு, கோச் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் மன்னிக்கத் தெரியவில்லை.

அப்புறம் நூனோவின் ஏஜென்ட் ஜோர்ஜ் மெண்டஸ். இது வராமல் இருக்குமா? நூனோ விட்டோரியா கிமராய்ஸில் இளம் கோல்கீப்பராக இருந்தபோது ஒரு பாரில் சந்தித்தார்கள், மெண்டஸின் முதல் கிளையன்ட் இவர்தான், அதற்குப் பிறகுதான் ரொனால்டோ, மொரின்யோ எல்லோரும். ஆகவே எல்லாம் ஏஜென்ட் வாங்கிக் கொடுத்த வேலை என்கிறீர்கள். வேலை வாங்கிக் கொடுக்கலாம், ஐயா. 99 பாயின்டை ஏஜென்ட் வாங்கிக் கொடுக்க முடியுமா? வுல்வ்ஸை இரண்டாம் டிவிஷனில் 99 பாயின்டோடு முதலிடத்தில் கொண்டுவந்து, பிரீமியர் லீகில் அடுத்தடுத்து இரண்டு தடவை 7-வது இடம், யூரோப்பா லீகில் காலிறுதி. அதற்கு முன்பு ரியோ ஆவே என்ற சின்ன கிளப்பை ஒரே சீசனில் போர்த்துகலின் இரண்டு கோப்பை இறுதிக்கும் கூட்டிப்போனார், இரண்டிலும் பென்ஃபிகாவிடம் தோல்வி. வலென்சியாவை 77 பாயின்டோடு 4-வது இடத்தில் நிறுத்தினார், அடுத்த நவம்பரில் தானே விலகினார். மெண்டஸ் கொண்டுவந்த பையன்களில் ஒருவன்தான் டியோகோ ஜோட்டா. போர்ட்டோவில் ஒரு வருஷம், பிறகு வுல்வ்ஸில் மூன்று வருஷம், நூனோவின் கையில்தான் அவன் வளர்ந்தான். இந்த ஜூலையில் ஜோட்டாவும் அவன் தம்பியும் அந்தக் கார் விபத்தில்... அதைப் பற்றி எழுத வரவில்லை. ஆனால் அது நடந்து இரண்டு மாசம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, நள்ளிரவு அறிக்கை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான். எனக்கு மட்டும் சம்பந்தம் தெரிகிறது, விடுங்கள்.

டாட்டன்ஹாமில் என்ன கிழித்தார் என்பீர்கள். 2021-இல் ஊரெல்லாம் தேடி யாரும் கிடைக்காமல் ஜூன் கடைசியில் இவரைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய முக்கிய கோல்காரர் ஹாரி கேன் வேறு கிளப்பை விட்டுப் போகிறேன் என்று நின்ற கோடைக்காலம். முதல் மூன்று லீக் மேட்சும் 1-0, அதில் ஒன்று மான்செஸ்டர் சிட்டி, ஆகஸ்டில் மாதத்தின் சிறந்த மேனேஜர். நவம்பர் 1-ஆம் தேதி டிஸ்மிஸ். பத்து லீக் மேட்ச், ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. லூகாஸ் மோராவை வெளியே எடுத்ததற்குச் சொந்த ரசிகர்களே "நீ என்ன செய்கிறாய் என்று உனக்கே தெரியவில்லை" என்று பாடினார்கள். சரி, தோற்றுத்தான் போனார். சவூதிக்குப் போனார், 2023-இல் அல் இத்திஹாதுக்கு 2009-க்குப் பிறகு முதல் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார், அங்கேயும் அதே வருஷம் நவம்பரில் அனுப்பிவிட்டார்கள். ஜெயித்தாலும் அனுப்புகிறார்கள், தோற்றாலும் அனுப்புகிறார்கள். அவர் அதை எதிர்த்து ஊரைக் கூட்டியதாக நான் பார்க்கவில்லை. அடுத்த கிளப்பில் தாடியோடு கைகட்டி நிற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அண்ணனின் பெஞ்சுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும்.

2002-லிருந்து போர்ட்டோவில் விட்டோர் பாயாவுக்குப் பின்னால் இரண்டாவது கோல்கீப்பர். 2003 யூஃபா கப், 2004 சாம்பியன்ஸ் லீக், இரண்டு இறுதியிலும் கோலில் நின்றது பாயா. உண்மை. மொனாக்கோவை 3-0 என்று ஜெயித்த அந்த ராத்திரி நூனோ களத்தில் இறங்கவில்லை. அதுவும் உண்மை. அதே வருஷம் டிசம்பரில் யோகோஹாமாவில், கொலம்பியாவின் ஒன்ஸ் கால்டாஸோடு கண்டங்களுக்கு இடையிலான கோப்பை, கூடுதல் நேரத்தில் பாயாவுக்கு நெஞ்சு படபடத்து உடம்புக்கு முடியாமல் போனபோது உள்ளே போனவர் யார்? பெனால்டியில் 8-7 என்று முடிகிற வரை கோல் கோட்டில் நின்றது யார்? பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். நாட்டுக்காக ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை, 2008 யூரோவுக்குக் கிம் என்ற கோல்கீப்பருக்கு அடிபட்டதால் 34 வயதில் கூப்பிட்டார்கள், போனார், அங்கேயும் பெஞ்ச், திரும்பி வந்தார். 2003-இல் ஒரு கப் மேட்ச், வார்ஸிமுக்கு எதிராக 7-0, மொரின்யோ இவரைக் கூப்பிட்டு ஒரு பெனால்டியை அடிக்கவிட்டார், கோல் போட்டார். மொத்த டீமும் அவர் மேல் விழுந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், பார்த்தவன் இல்லை. பெஞ்சுக்காரன் மேல் டீமுக்கு எப்போதும் ஒரு தனிப் பாசம் உண்டு. எனக்கு அது தெரியும்.

ஏன் தெரியும் என்றால், கல்லூரியில் மூன்று வருஷம் நான்தான் இரண்டாவது கோல்கீப்பர். இதை இங்கே எழுதியதே இல்லை, எழுத என்ன இருக்கிறது? முதல் கோல்கீப்பருக்கு மேட்சுக்கு முன்னால் பந்தை உதைத்துப் போடுவது என் வேலை. அவன் வலது பக்கம் நன்றாகப் பாய்வான், இடது பக்கம் கொஞ்சம் சோம்பேறி, ஆகவே இடது பக்கமாகவே போடுவேன். மேட்ச் ஆரம்பித்ததும் கோல் போஸ்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கிருந்து பார்த்தால் நம் பின்வரிசையில் எங்கே ஓட்டை விழுகிறது என்று பந்து வருவதற்கு முன்பே தெரியும். கத்துவேன். யார் காதிலும் விழாது. மூன்று வருஷத்தில் இறங்கி ஆடியது ஒரே ஒரு மேட்ச், அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது. 1-0. ஜெயித்தோம். அடுத்த வாரம் அவன் வந்துவிட்டான், நான் திரும்ப போஸ்டுக்குப் பின்னால். குரூப் போட்டோவில் ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்பது நான்தான்.

அந்த போட்டோவை என் பையன் பார்த்துவிட்டு "அப்பா, நீ ஆடலையா?" என்று கேட்டான். அதே கேள்விதான், அண்ணன் கேட்டதும்.

இதை ஏன் சொல்கிறேன்? அனுதாபத்துக்கு இல்லை. ஃபாரஸ்ட் ஆடினதைப் பார்த்தபோதெல்லாம் அது போஸ்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் வடிவமைத்த டீம் என்று எனக்குத் தோன்றியது. முதலில் ஓட்டையை அடை. அப்புறம் அழகு. அதை மட்டமாகப் பேசினால் எனக்குச் சுடும், சுடத்தான் செய்யும்.

"நீ உன் சொந்தக் கதையைக் கொண்டுவந்து ஃபுட்பாலில் ஒட்டுகிறாய்" என்று யாராவது சொல்வீர்கள். ஒட்டுகிறேன்தான். நீங்கள் யாரும் ஒட்டாமலா பார்க்கிறீர்கள்? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மார்ச்சில் மேடையேற்றி ஷீல்டு கொடுத்தார்கள், ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயிலில் நன்றி சொன்னார்கள். எனக்குப் பதில் வந்தவர் நல்ல மனிதர், ஃபைல் எங்கே இருக்கிறது என்று மூன்று வாரம் எனக்கே போன் செய்து கேட்டார். நானும் சொன்னேன். அவரும் ஆறு மாசத்தில் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன், அன்றைக்குச் சந்தோஷப்பட்டேனா என்றால், இல்லை என்று சொல்லத்தான் ஆசை.

அந்த ஷீல்டு இன்னும் பீரோ மேலே இருக்கிறது. கண்ணாடி கொஞ்சம் விரிசல் விட்டிருக்கிறது.

இன்னொன்று, வெஸ்ட் ஹாம் போய் என்ன செய்தார் என்று இப்போதே ஆரம்பித்துவிட்டீர்கள். ஃபாரஸ்டில் அவருடைய கடைசி மேட்சில் 3-0 என்று அவரைத் தோற்கடித்த அதே வெஸ்ட் ஹாம்தான் அவரைக் கூப்பிட்டது, இதை யாரும் கதையாக எழுதினால் நம்ப மாட்டோம். இரண்டு மேட்ச் ஆகியிருக்கிறது, ஒரு டிரா, ஒரு தோல்வி. இரண்டு மேட்ச்! தோசைக்கல்லுக்குக்கூட முதல் இரண்டு தோசை விட்டுக் கொடுப்போம்.

மூன்றாவது, நாளை ராத்திரி பன்னிரண்டரைக்கு, ப்ரென்ட்ஃபோர்டோடு. தீபாவளி அலுப்பில் வீடே தூங்கிவிடும், நான் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்பேன். தோற்றால் என்னை யாரும் டேக் செய்ய வேண்டாம், நானே பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். அண்ணனுக்கு முறுக்கு எடுத்து வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளலாம். அந்த கமென்ட்டை மட்டும் அழித்துவிட்டு வரவும்.