கொம்புச் சாணத்தோடு முடிகிற கதை இல்லை

பயோடைனமிக் ஒயின் (செயற்கை ரசாயனம் இல்லாமல், நிலாவின் போக்கையும் சில சடங்குத் தயாரிப்புகளையும் நம்பி வளர்த்த திராட்சையில் செய்வது) என்பது பணக்காரர்களின் மூடநம்பிக்கை, வெறும் விளம்பரம் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாதி சரி. மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைப்பதும், நிலா பார்த்து வேலை செய்வதும் எனக்கும் பிடிபடாதவைதான். இந்த முறைக்கு வித்திட்ட ருடால்ஃப் ஸ்டைனர் 1924இல் பேசியதற்கெல்லாம் ஆதாரம் கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

ஆனால் விளம்பரத்துக்காக ஒருவர் இவ்வளவு நஷ்டப்படுவாரா? பிரான்ஸின் ஒயின் பகுதியான போர்டோவில், போயாக் ஊரின் ஷத்தோ போந்தே-கனே என்ற திராட்சைத் தோட்டத்தைப் பாருங்கள். போர்டோ ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்த 1855 தரவரிசையில் ஐந்தாம் படி; பக்கத்துத் தோட்டமோ பேர்பெற்ற மூத்தோன் ரோத்ஷில்ட். இங்கே 2004இல் பயோடைனமிக் முறையைத் தொடங்கினார்கள். 2007இல் அடிச்சாம்பல் நோய் (திராட்சைக் கொடியைத் தாக்கும் பூஞ்சை போன்ற நோய்) பரவியதும் உரிமையாளர் ஆல்ஃப்ரெட் தெஸ்ரோன் பயந்துபோய் ரசாயனம் தெளித்தார். பயோடைனமிக் சான்றிதழ் கனவு தள்ளிப்போனது, மறுபடி முதலிலிருந்து. 2018இல் அதே நோய். இந்தமுறை செயற்கை ரசாயனத்தைத் தொடவில்லை, விளைச்சலில் பெரும்பகுதி போயிற்று. மீதியில் வந்த ஒயினை விமர்சகர்கள் கொண்டாடினார்கள் என்பது வேறு விஷயம்.

டிராக்டர் மண்ணை இறுக்கிவிடும் என்று குதிரை கட்டி உழுகிறார்கள். ஒயினில் ஒரு பங்கை மரப்பீப்பாயில் ஊற்றாமல் கான்கிரீட் ஜாடிகளில் முதிர விடுகிறார்கள்.

குறை சொல்வதென்றால் கொம்பை விட்டுவிட்டுத் தாமிரத்தைப் பிடியுங்கள். இந்த முறையிலும் மயில்துத்தமும் (தாமிர உப்பு) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவைக்கு அனுமதி உண்டு (நம் விவசாயிகளும் தெளிப்பதுதான், பெயரே அந்த ஊருடையது). மழை அதிகமான வருடங்களில் அடிக்கடி தெளிக்க வேண்டியிருக்கும். அந்தத் தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும், மண்புழுவுக்கும் ஆகாது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே!