எட்டாத நிப்பிளுக்கு எதுக்குங்க காசு?

காலை ஆறு மணிக்குச் சாக்கை விரித்து என் பிக்கப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்தவன், பத்தரைக்குத்தான் ஒருவழியாக வெளியே வந்தேன். கண்ணில் துரு, மீசையில் கிரீஸ். வேலை என்னவோ நாலே நாலு நிப்பிளுக்கு, அதாவது கிரீஸ் ஏற்றுகிற குட்டி வாய்க்கு, கிரீஸ் அடிப்பதுதான். இன்ஜின் சுற்றுவதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற புரொப்பல்லர் ஷாஃப்டில், கூட்டல் குறி மாதிரி இருக்கிற மூட்டான கிராஸ் மூன்று, நீண்டு சுருங்குகிற ஸ்லிப் ஜாயிண்ட் ஒன்று. அதில் மூன்றைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன். மீதி நேரம் பூராவும் அந்த நடுக் கிராஸ் ஒன்றுக்குத்தான்!

போன மாதமே இது ஆரம்பித்தது. தேங்காய் லோடோடு பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் போகும்போது, கிணத்துக்கடவு தாண்டியதும் அடியில் கீச் கீச்சென்று குருவி கத்துகிற மாதிரி சத்தம். ரிவர்ஸ் போட்டால் ணங் என்று ஒரு அடி. பட்டறையில் கழற்றிப் பார்த்தால், நடுக் கிராஸின் நாலு முனையிலும் மாட்டியிருக்கிற கப்புக்குள் இருந்த ஊசி ரோலர் எல்லாம் செங்கல் பொடியாகக் கொட்டுகிறது. ஆனால் அதற்கு முந்தின சர்வீஸ் பில்லில் ‘கிரீஸிங்’ என்று எழுதிக் காசும் வாங்கியிருக்கிறார்கள். நிப்பிள் தலையில் நார் மில் தூள் அப்பிக் கல்லாக இறுகிக் கிடக்கிறது. கிரீஸ் கன் வாய் அங்கே பட்டிருந்தால் அது எப்படி இருக்கும்? எட்டுகிற நிப்பிளுக்கு நாலு அடி அடித்துவிட்டு, எட்டாததை அப்படியே விட்டுவிட்டான். விட்டது கூடப் பரவாயில்லை, போட்டேன் என்றான் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

சரி, புதுக் கிராஸ் மாட்டியாயிற்றே, இனி நாமே பார்த்துக்கொள்வோம் என்று இன்றைக்கு உள்ளே போனால், மாட்டின மகராசன் நிப்பிள் வாயை ஷாஃப்ட் பக்கம் வைக்காமல், ஷாஃப்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். கிராஸைப் பிடிக்கிற கவட்டையான யோக்கின் இரண்டு கைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கன் வாய் நேராகப் போனால்தான் கவ்வும். கொஞ்சம் சாய்ந்தாலும் கிரீஸ் பக்கவாட்டில் பீச்சி மூஞ்சியில்தான் வரும். போனில் கேட்டால், “ஏனுங்ணா, புதுக் கிராஸு உள்ளயே கிரீஸோடதானுங்ணா வருது, அப்படியே ஓட்டுங்க” என்கிறான். கடையில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவி அனுப்புகிற கொழகொழப்பை நம்பி ஒன்றரை டன் ஏற்றச் சொல்கிறான்!

நிப்பிளைக் கீழ்ப்பக்கம் கொண்டுவரவும் ஒரு கூத்து. ஹேண்ட் பிரேக் போட்டாலோ கியரில் விட்டாலோ ஷாஃப்ட் சுற்றாது. அதனால் நான் வெளியே வந்து, கல்லை எடுத்து, நியூட்ரலில் மகனைத் தள்ளச் சொல்லி, மறுபடி கல் வைத்து, உள்ளே போக வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் ஏறக்குறைய நாலு சுற்று. “நாலு விரக்கடை தள்ளு சாமி” என்றால் அவன் ஒரு ஜாண் தள்ளுகிறான். நிப்பிள் வானத்தைப் பார்த்துவிடுகிறது. இப்படி ஏழு தடவை.

திண்ணையில் உட்கார்ந்து எங்கப்பா சிரிக்கிறார். “மாட்டு வண்டியில கடையாணியக் கழட்டுனா சக்கரம் கையோட வந்துரும். வெளக்கெண்ணெயில வைக்கோல் கரியக் கொழச்சு ஒரு தடவு, அவ்வளவுதான். உன்ற வண்டிக்கு மை போட நீ மறுக்காப் பொறந்தே வரோணும்போல.” என்ன பதில் சொல்வது? 1929-ல் ஆஸ்கர் சர்க் என்பவர் இந்த நிப்பிளுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். நூறு வருசம் ஆகப்போகிறது. ஊசிமூக்கு நாசில், தொண்ணூறு டிகிரி வளைந்த வாய் என்று என்னென்னவோ கடையில் தொங்குகிறது. ஆனால் மாட்டும்போது அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு நொடி யோசிக்கத்தான் ஆளில்லை.

கடைசியில் ஊசிமூக்கை வைத்து மகனை லீவரை அடிக்கச் சொன்னேன். மூன்று கப்பில் புதுக் கிரீஸ் பிதுங்கி வந்தது. நாலாவது கப்பில் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. நாலிலும் வந்தால்தான் கணக்கு. கறிச்சோறு வெந்துவிட்டதாம், சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே போகிறேன்.