பாகவதர் தண்டனை முடிந்து வெளியே வந்தவர் அல்ல

"எம்.கே. தியாகராஜ பாகவதர் கொலைக் குற்றவாளி, தண்டனைக் காலம் முடிந்து வந்தார், அப்புறம் ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பாடி நடித்துப் புகழ்பெற்ற பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த நவம்பரில், ரிக்‌ஷாவில் போன 'இந்து நேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தனை வேப்பேரியில் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. பரப்புகிறவர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்!

வழக்கு, அன்றைக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கும்படி அது உத்தரவிட்டது. 1947 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அதற்குள் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் போய்விட்டது.

சரி, படங்கள்? 1948இல் 'ராஜமுக்தி', சொந்தத் தயாரிப்பு. 1952இல் 'அமரகவி', 'சியாமளா'. 1957இல் தானே இயக்கிய 'புதுவாழ்வு'. 'சிவகாமி' அவர் மறைந்த பிறகு வந்தது. படங்கள் இருந்தன, பழைய ஓட்டம்தான் இல்லை. சிறை மட்டும்தான் காரணமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டை நம்பி ஓடிய சினிமா அதற்குள் வசனத்தின் கைக்குப் போயிருந்தது. அதே வழக்கில் உள்ளே போய்வந்த என்.எஸ்.கே. மறுபடி ஜெயித்தாரே!